வெயிலுக்கும் கணக்கு வேண்டும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவர்)

ஞாயிறு உலகுக்கெல்லாம் பொது என்பர். ஆயினும் அதன் கதிர் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் வந்து சேர்வதில்லை. இவ்வுண்மையை நான் முதலில் அறிந்தது பாடநூலில் அன்று. பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்.

என் தாயார் வடகம் பிழிந்து விற்பவர். பக்கத்தில் குப்பை எரியும் நாட்களில், "இன்னைக்கு வெயில் செத்துக் கிடக்குதுடா" என்பார். வானில் மேகம் இராது; எனினும் நிழல் வெளுத்திருக்கும். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர் சொன்னதன் பொருள், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் விளங்கிற்று.

வளிமண்டலத்திற்கு மேலே சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. தெளிந்த நாளின் உச்சிவேளையில் ஏறத்தாழ 1000 வாட் தரையை எட்டும். அதில் சூரியனிலிருந்து நேரே வருவது நேர்க்கதிர். காற்றும் தூசியும் புகையும் சிதறடித்து வானமெங்கும் பரப்புவது சிதறல் ஒளி. புகை மிகுந்தால் நேர்க்கதிர் குன்றும். லென்ஸால் குவித்துத் தாளைக் கருக்கவல்லது நேர்க்கதிரே. சிதறல் ஒளியால் அது இயலாது.

1792 முதல் சென்னையில் வானாய்வுக்கூடம் இருந்தும், சூரிய ஆராய்ச்சிக்கென 1899-இல் கொடைக்கானலில் பணி தொடங்கியது ஏன்? சுமார் 2340 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் வளிமண்டலத்தின் ஏறத்தாழக் கால் பங்கு காலடியில் தங்கிவிடுகிறது. சமவெளித் தூசியும் குறைவு. அங்கேதான் 1909-இல் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார்.

நம் ஊருக்கு அருகே பள்ளிக்கரணையில், இன்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் எனப்படும் அமைப்பு, 2011-இல் நாடெங்கும் 51 கதிர்வீச்சு அளவீட்டு நிலையங்களை நிறுவியது. நேர்க்கதிரும் சிதறல் ஒளியும் அவற்றில் தனித்தனியே அளக்கப்பட்டன. சூரிய மின் நிலையங்களுக்கு இடம் தேர இக்கணக்கு உதவுகிறது. நன்று! ஆனால் குடியிருப்புகளின் வெயிலுக்குக் கணக்கு வைப்பவர் யார்?

"மண்டையைப் பிளக்கும் வெயிலை அளப்பானேன்?" எனச் சிலர் நகைக்கலாம். வெப்பம் வேறு, தெளிவு வேறு. நேர்க்கதிர் எவ்வளவு மங்குகிறது என்பது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுக்கையும் காட்டும் கண்ணாடியாகும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டா. உட்புறம் கருப்புப் பூசிய குழாய், அதன் அடியில் ஒரு சிறு சூரிய மின்கலம், ஒரு மல்டிமீட்டர் போதும். குழாயைச் சூரியனை நோக்கித் திருப்பினால், கிடைக்கும் மின்னோட்டம் நேர்க்கதிரின் அளவைக் காட்டும். ஒரே வகைக் கருவியால், மேகமில்லா நாட்களில், ஒரே வேளையில் தாம்பரத்திலும் கொடைக்கானலிலும் இராமநாதபுரத்திலும் மாணவர்கள் அளந்தால் எத்துணைப் பயன்! அரசுக் கல்லூரிகள் இதனைச் செய்முறைப் பாடமாகவே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

மாணவ நண்பர்களே! ஏரியைப்போல வெயிலும் ஊரின் பொதுச் சொத்து. அதைப் புகை திருடுகிறது. களவு போனது எவ்வளவு என்று முதலில் கணக்கெடுப்போம். பிறகு உரியவர்களிடம் உரத்துக் கேட்போம்.