கொடுப்பதை வாங்கத் தெரிந்தவர்கள்

சாக்வான் பார்க்லி 2024 சீசனில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடிய தூரம் 2,005 யார்டு. அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே சீசனில் 2,000 யார்டைத் தாண்டி ஓடியவர்கள் இதுவரை ஒன்பது பேர்தான். அப்பேர்ப்பட்டவர், 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் 25 தடவை பந்தை வாங்கி ஓடி, மொத்தம் 57 யார்டுதான் எடுத்தார். ‘மற்றவர்கள் என்ன செய்தாலும் செய்யட்டும், இவரை மட்டும் விடக் கூடாது’ என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்திருந்தது கான்சஸ் சிட்டி சீஃப்ஸ். சொன்னபடி கட்டியும் போட்டது. ஆனால் முடிவு? ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22. இடைவேளையில் 24-0 என்று இருந்த ஆட்டம் அது. சீஃப்ஸ் எடுத்த பாயின்ட்டில் பெரும்பகுதி, எல்லாம் முடிந்த பிறகு வந்தது.

நியூஜெர்சியில் இருக்கும் என் மைத்துனனுக்கு அந்த வெற்றியில் ஏக வயிற்றெரிச்சல். அவன் நியூயார்க் ஜயன்ட்ஸ் ரசிகன். ஆறு சீசன் தன் அணிக்கு ஆடிய பார்க்லியை ஜயன்ட்ஸ் போகவிட்டது. அவர் நேராகப் பரம எதிரியிடம் போய்ச் சேர்ந்து முதல் வருடமே கோப்பையைத் தூக்கிவிட்டார். “அத்தான், ரன்னிங் பேக்குக்குக் காசு கொடுக்கிறது தண்டம்னு எங்க ஆளுங்க நெனச்சாங்க. இப்போ பாத்தீங்களா?” என்றான் போனில். அவன் சொன்னதில் பாதிதான் எனக்குச் சம்மதம். 57 யார்டு ஓடியவரா கோப்பையை வாங்கித் தந்தார்?

இந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேறினால் மறுபடியும் நான்கு. முன்னேற இரண்டு வழி: குவார்ட்டர்பேக் பந்தை வீசலாம், அல்லது ஓடுகிறவர் (ரன்னிங் பேக்) கையில் கொடுக்கலாம். எதிரே பதினொரு பேர் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் முன்னால் குவிந்து ஓட்டத்தை மறிப்பது, எத்தனை பேர் பின்னால் பரவி வீச்சைக் காப்பது? முன்னால் ஒருவரைக் கூட்டினால் பின்னால் ஒருவர் குறைவார். பாதி ஆட்டம் இந்தக் கழித்தல் கணக்கில்தான் இருக்கிறது.

சூப்பர் பவுலில் பார்க்லி செய்த வேலையும் அதுதான். அவரை மறிக்க சீஃப்ஸ் முன்னால் ஆளைச் சேர்க்கச் சேர்க்க, பின்னால் காலியான இடங்களில் ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் வீசினார். 22 வீச்சில் 17 கைக்குப் போயின, 221 யார்டு. எதிர்ப்பக்கக் கணக்கு இன்னும் அழகு. குவார்ட்டர்பேக்கை நெருக்க வழக்கமான நான்கு பேரோடு ஐந்தாவது, ஆறாவது ஆளையும் ஏவிவிடுவார்கள். பிளிட்ஸ் என்பார்கள் அதை. ஈகிள்ஸின் டிஃபென்ஸ் கோச் விக் ஃபேன்ஜியோ அன்று ஒரு தடவைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. நான்கு பேரே போதும் என்று இருந்தது. அந்த நான்கு பேர் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸைச் சாய்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆறு தடவை விழுந்தார். மிச்சம் ஏழு பேர் பின்னால் நின்றபோது அவர் யாருக்கு வீசுவார்? முதல் பாதி முழுக்க சீஃப்ஸ் நகர்ந்தது 23 யார்டு.

ஜெயிக்கும் அணிக்குப் பாஸ், ரன், டிஃபென்ஸ் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்று வர்ணனையாளர்கள் சொல்லாத வாரம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஸ் பாதி, ரன் பாதி என்று பங்கு போடுவதில் ஒரு புண்ணியமும் இல்லை. கணக்குப் பார்த்தால் பாஸ்தான் லாபம். ஒரு ஓட்டத்துக்குச் சராசரி நாலு யார்டும் கொஞ்சமும் கிடைக்கும். ஒரு வீச்சுக்கு ஏழு யார்டு சுற்றி. 1978-இல் விதியை மாற்றினார்கள். பந்து பிடிக்க ஓடுகிறவரை ஐந்து யார்டுக்கு அப்பால் இடிக்கக் கூடாது, குவார்ட்டர்பேக்கைக் காக்கிறவர்கள் கையை நீட்டித் தள்ளலாம் என்று வந்தது. அதிலிருந்து பாஸுக்குத்தான் ஏறுமுகம்.

‘அதிகம் ஓடுகிற அணிதான் ஜெயிக்கிறது, புள்ளிவிவரத்தைப் பாருங்கள்’ என்பார்கள். புள்ளிவிவரம் உண்மை, காரணம்தான் தலைகீழ். முன்னிலையில் இருக்கிறவன் கடைசிக் கால் ஆட்டத்தில் கடிகாரத்தை ஓடவிடுவதற்காகப் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். ஓடியதால் ஜெயித்தான் என்பதைவிட, ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஓடினான் என்பது பொருத்தம்.

அப்படியென்றால் ரன் எதற்கு? இதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த பதில் 1991 ஜனவரி 27, டாம்பா. ஜயன்ட்ஸும் பஃபலோ பில்ஸும் மோதிய சூப்பர் பவுல். பில்ஸ் முந்தைய ஆட்டத்தில் ரைடர்ஸை 51-3 என்று துவைத்துவிட்டு வந்த அணி. நடுவில் கூடி நின்று பேசுவதுகூடக் கிடையாது. ஒரு வாய்ப்பு முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கி எதிரியை மூச்சுவாங்க வைப்பார் குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி. ஜயன்ட்ஸுக்கோ முதல் குவார்ட்டர்பேக் காயத்தில் வெளியே. மாற்று ஆள் ஜெஃப் ஹாஸ்டெட்லரை வைத்து ஆட வேண்டிய நிலை.

அந்த அணியின் டிஃபென்ஸ் கோச் பில் பெலிசிக். பின்னாளில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு ஆறு கோப்பை வாங்கித் தந்த அதே பெலிசிக். தன் ஆட்களிடம் அவர் சொன்னது அவர்களுக்கே பிடிக்கவில்லை: பில்ஸின் தர்மன் தாமஸ் நூறு யார்டு ஓடட்டும், விடுங்கள். முன்னால் ஆளைக் குறைத்துப் பின்னால் நிறைத்தார். கெல்லி வீச நினைத்த இடத்திலெல்லாம் ஒரு ஜயன்ட்ஸ் ஆள் நின்றார். தாமஸ் 135 யார்டு ஓடினார். ஓட ஓட, பில்ஸின் அந்த அசுர வேகம் தணிந்தது.

மறுபக்கம், பந்து கைக்கு வந்தபோதெல்லாம் ஜயன்ட்ஸ் ஓட்டத்தை நம்பி அதை விடவே இல்லை. மூன்றாம் குவார்ட்டரின் முதல் டிரைவ், அதாவது பந்தை விடாத ஒரு தொடர் முன்னேற்றம், மட்டும் 9 நிமிடம் 29 விநாடி. அதன் நடுவே ஒரு கட்டம்: மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 13 யார்டு வேண்டும். ஹாஸ்டெட்லர் வீசிய பந்தைத் தேவையான தூரத்துக்கு வெகு முன்பாகவே மார்க் இங்ரம் பிடித்தார். ஒருவர் பாய்ந்தார், நழுவினார். இன்னொருவர் இடுப்பைப் பிடித்தார், சுழன்று விடுபட்டார். நாலைந்து பேர் கையில் சிக்கியும் சிக்காமலும் விழுந்தபோது 14 யார்டு ஆகியிருந்தது. அந்த டிரைவ், பந்தை எதிரியின் எல்லைக்கோட்டுக்குக் கொண்டுசேர்க்கும் டச்டவுனில் முடிந்தது. ஆட்டம் முடிந்தபோது, 60 நிமிடத்தில் 40 நிமிடம் 33 விநாடி பந்து ஜயன்ட்ஸ் கையில்தான் இருந்திருக்கிறது. 20-19. கடைசி நொடிகளில் ஸ்காட் நார்வுட் உதைத்த 47 யார்டு பந்து கம்பத்துக்கு வலப்புறம் விலகிப் போனதால் தப்பித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பில்ஸ் அணியை 19-இல் நிறுத்தியதே பாதி வெற்றி.

டெஸ்ட் கிரிக்கெட்டில் இரண்டு நாள் நின்று பேட் செய்தால், அதுவரை பவுலர்கள் கால் நீட்டிப் படுத்திருக்கலாம் அல்லவா? அந்த மாதிரிதான் இது. ஜயன்ட்ஸின் ஓட்டம்தான் அன்று அவர்களுடைய முதல் டிஃபென்ஸ். பாஸ், ரன், டிஃபென்ஸ் மூன்றையும் மூன்று தனிக் கணக்காக எழுதினால் இது புரியாது.

டென்வர் ப்ராங்கோஸ் இதைப் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2013-இல் பேட்டன் மேனிங் 55 டச்டவுன் வீசினார். அணி 606 பாயின்ட் எடுத்தது. 600-ஐத் தாண்டிய முதல் அணி அதுதான். சூப்பர் பவுலில் முதல் பந்தே மேனிங்கின் தலைக்கு மேல் பறந்து, 12-ஆவது விநாடியில் எதிரிக்கு இரண்டு பாயின்ட். சியாட்டில் சீஹாக்ஸின் டிஃபென்ஸ் அதற்குப் பிறகு அவர்களை நிமிரவே விடவில்லை. 43-8. அடுத்த மாதமே நிர்வாகி ஜான் எல்வே, டிமார்கஸ் வேர், ஆகிப் தாலிப், டி.ஜே. வார்ட் என்று டிஃபென்ஸுக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார். இரண்டு வருடம் கழித்து அதே மேனிங், வயதாகி, சீசனில் 9 டச்டவுன் வீசி 17 தடவை பந்தை எதிரியிடம் கொடுத்த மேனிங், கோப்பையோடு ஓய்வு பெற்றார். அந்த இறுதி ஆட்டத்தில் டென்வர் மொத்தமே 194 யார்டுதான் நகர்ந்தது. டென்வர் டிஃபென்ஸின் வான் மில்லரும் கூட்டாளிகளும் எதிரணிக் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனைப் பந்தயம் முழுக்கத் துரத்தியதில் 24-10. ஒரே குவார்ட்டர்பேக், உச்சத்தில் இருந்தபோது கிடைக்காத கோப்பை, தேய்ந்தபோது கிடைத்தது.

எல்லாவற்றிலும் சிறந்த ஆளை எடுத்துவிட்டால் போயிற்று என்று சொல்ல முடியாது. 1994-இலிருந்து அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. 2024-இல் அது 25 கோடியே 54 லட்சம் டாலர். அதற்குள் 53 பேர். சின்சினாட்டி பெங்கால்ஸ் தன் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்குப் போட்ட ஒப்பந்தம் சராசரி வருடத்துக்கு 5.5 கோடி. கொடுத்த காசுக்கு அவர் குறை வைக்கவில்லை: 2024-இல் 4,918 யார்டு, 43 டச்டவுன். இரண்டிலும் லீகில் முதல். ஆனால் அவர் அணி 38 பாயின்ட் எடுத்து ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தோற்றது. 9 வெற்றி, 8 தோல்வி என்று முடித்து பிளேஆஃபுக்கே போகவில்லை. டிஃபென்ஸ் கோச்சுக்கு வேலை போயிற்று.

கடைசியாக, மைத்துனனோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று. 2015 பிப்ரவரி 1, சீஹாக்ஸ் பேட்ரியட்ஸிடம் 24-28 என்று பின்தங்கியிருக்கிறது. டச்டவுன் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு, 26 விநாடி, மூன்று வாய்ப்பு, ஒரு டைம்அவுட். மார்ஷான் லின்ச் மாதிரி முட்டி மோதி ஓடுகிறவர் பக்கத்திலேயே நிற்கிறார். கோச் பீட் கேரல் பாஸ் போடச் சொன்னார். மால்கம் பட்லர் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். உலகத்தில் இதைவிட மடத்தனமான முடிவு உண்டா என்று அன்றிலிருந்து எல்லோரும் கேட்கிறார்கள், மைத்துனன் உட்பட.

நான் கேரல் கட்சி. ஓட்டம் மறிக்கப்பட்டால் கடிகாரம் ஓடும், இருக்கிற ஒரே டைம்அவுட் போய்விடும். பாஸ் தவறி விழுந்தால் கடிகாரம் தானே நிற்கும். மூன்று வாய்ப்பையும் பயன்படுத்த வேண்டுமென்றால் அதில் ஒன்று பாஸாக இருந்தே தீர வேண்டும். முன்னால் பேட்ரியட்ஸ் தடித்தடியாக ஆளை நிறுத்தியிருந்தபோது அதை முதலில் போட்டதில் என்ன தப்பு? தோற்றதற்குக் காரணம் பட்லர். புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணியும் சீண்டாத, முதல் வருட ஆட்டக்காரர். பயிற்சியில் இதே உத்தியில் ஏமாந்து, மனதில் குறித்து வைத்திருந்தார். பிராண்டன் பிரவுனர் தன் எதிரே நின்றவரை அசையவிடாமல் நெட்டித் தள்ள, திறந்த வழியில் பட்லர் புகுந்தார். சரியாக யோசித்த கோச்சும் தோற்கலாம். எதிர்ப்பக்கமும் ஒருவன் யோசித்துக்கொண்டிருப்பான். அவனை விட்டுவிட்டுப் போடுகிற எந்தச் சமநிலைக் கணக்கையும் நான் நம்புவதாக இல்லை.