சாயம் போகும்... கியாரண்டி!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. மூணாம் கிளாஸ் படிக்கும் என் சீமந்த புத்திரி ஒரு தாளை நீட்டி, "அப்பா, இந்த ஆன்ட்டிக்கு என்ன கலர் அடிக்கணும்?" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஸ்கூலில் கொடுத்த ஹோம் ஒர்க். இரண்டு கட்டையை நிறுத்தி, மேலே ஒரு குறுக்குக் கட்டை. அதிலிருந்து நூல் நூலாகத் தொங்குகிறது. நூல் முனையில் மெதுவடை மாதிரி ஏதோ கட்டியிருக்கிறது. பக்கத்தில் ரெட்டைப் பின்னலோடு ஓர் அம்மணி நின்றுகொண்டிருக்கிறார். 'பழங்கால ஜெர்மானியர் நெசவு' என்று கீழே போட்டிருந்தது.

பொழிச்சலூர் குழந்தைக்கு ஜெர்மன் தறி! எங்க ஊர் சனீஸ்வரர் எந்தெந்த ரூபத்தில் வருவார் என்று சொல்லவே முடியாது சார்.

"வடை எதுக்குப்பா கட்டியிருக்காங்க?"

நியாயமான கேள்வி. அது வடை இல்லை, சுட்ட களிமண் வளையம். நம்ம தறியில் பாவு நூல் படுத்திருக்கும். அவர்கள் தறியில் அது தொங்கும். தொங்குகிற நூல் விறைப்பாக நிற்க வேண்டாமா? அதற்குத்தான் கொத்துக் கொத்தாக முடிந்து களிமண் குண்டு கட்டுவது. நெய்கிறவர் நின்றுகொண்டே மேலிருந்து கீழாக நெய்வார். ஊடையை மேல் பக்கமாகத் தட்டி இறுக்க, கத்தி மாதிரி ஒரு கட்டை. நாள் பூரா நின்று, கையைத் தூக்கித் தூக்கி வேலை. நெய்தது பெரும்பாலும் பெண்கள். (நம்ம ஊர் பஸ்ஸில் லேடீஸ் சீட்டைப் பிடித்து உட்கார்ந்திருக்கும் பிரம்மச்சாரிகள் கவனிக்க.)

இன்னொரு விஷயம் படித்ததும் எனக்குப் பொறி தட்டியது. அந்த ஜனங்கள் தரையைப் பள்ளமாகத் தோண்டி, மேலே கூரை போட்ட குடிசைக்குள் தறியை வைத்திருந்தார்களாம். தோண்டிப் பார்த்த இடங்களில் களிமண் குண்டுகள் வரிசையாகக் கிடைத்திருக்கின்றன. மண்ணின் ஈரத்தில் நூல் அறுகாது என்று ஒரு காரணம் சொல்வதுண்டு. அட, இதைத்தானே நம்ம ஆட்களும் குழித்தறிக்குச் சொல்கிறார்கள்! இவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கிறார். அந்தம்மா குழிக்குள்ளேயே வீடு கட்டி நின்று நெய்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

"கெளம்பு, நிஜத் தறி காட்டறேன்" என்று வண்டியை எடுத்தேன். ஜெர்மனிக்கு இல்லை. பம்மல் வழியாக அனகாபுத்தூருக்கு.

அனகாபுத்தூர் என்றால் ஆபீஸ் நண்பர்களுக்கு ஷேர் ஆட்டோதான் ஞாபகம் வரும். ஒரு காலத்தில் அங்கே நெய்த துணி கப்பலேறி நைஜீரியா போனது. வியாபாரப் பெயர் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்'. கர்ச்சீப் என்றதும் மூக்கைத் தொடாதீர்கள். அது ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் கட்டம் போட்ட துணி. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் கலபாரி என்றொரு ஜனக்கூட்டம். அவர்கள் இதற்கு வைத்த பேர் 'இன்ஜிரி'. பிறப்பு, இறப்பு இரண்டு சடங்குக்கும் அந்தத் துணி வேண்டும். அவர்கள் வீட்டுப் பெண்கள் கட்டத்திலிருந்து நூல்களைப் பார்த்துப் பார்த்து அறுத்து உருவி, வேறொரு டிசைனே கொண்டு வந்துவிடுவார்கள். இங்கே ஒருத்தர் இழை இழையாகச் சேர்த்ததை அங்கே ஒருத்தர் இழை இழையாக எடுக்கிறார். எடுத்தபின் மதிப்பு இன்னும் கூடுகிறது!

நைஜீரியா இறக்குமதிக்குக் கதவைச் சாத்தியதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மிச்சமிருந்த சிலர் வாழை நார், சணல், அன்னாசி நார் என்று இறங்கினார்கள். 25 வகை இயற்கை நாரில் ஒரே சேலை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்ததும் இந்த ஊர்தான்.

விசாரித்து ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். பனியன், லுங்கி. லுங்கியிலும் கட்டம்தான்.

"தறி பாக்கணுமா தம்பி? பாப்பாவுக்கா?" என்று சிரித்தார். "இங்க நான் குழியில ஒக்காந்திருப்பேன். அங்க எங்க வூட்டுக்காரம்மா தார் சுத்தும். பாவு விரிக்கறதுன்னா தெருவே வேணும். பசங்க, மச்சான், மாமன் எல்லாம் ஒரு கை புடிக்கணும். ஒத்த ஆளு தொழில் இல்ல இது."

"தாத்தா, உங்க வீட்டு அண்ணா நெய்வாங்களா?" என்றாள் என் பெண்.

"அவன் ஏர்போர்ட்டு பக்கம் கம்பெனில இருக்கான் கண்ணு. கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டுப் போவான். மாசம் பொறந்தா சம்பளம். நான் நெய்யறப்ப, நூல் வந்தாதான் கூலி, கூலி வந்தாதான் அரிசி. போடான்னு நானேதான் அனுப்பினேன்."

வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது மாதிரி சொன்னார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. என் கழுத்திலும் வாரம் அஞ்சு நாள் அதே அட்டைதான் தொங்குகிறது.

அந்த அண்ணா அன்று போட்டிருந்தது பிராண்டட் மெட்ராஸ் செக்ஸ். (பதறாதீர்கள், கட்டம் போட்ட சட்டை!) மால் சரக்கு, மில் துணி. பெரியவர் அதன் ஓரத்தை இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அவருக்கு நான் ஒரு கதை சொன்னேன். 1958 வாக்கில் அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடை மெட்ராஸ் கைத்தறியில் சட்டை, கோட்டு தைத்து விற்றதாம். துவைத்தால் சாயம் ஓடுகிறது! வாங்கினவர்கள் சண்டைக்கு வந்து, வழக்கு வரைக்கும் பேச்சு போனதாம். கடைசியில் எவரோ ஒரு மூளைக்காரர் விளம்பரத்தைத் திருப்பிப் போட்டார்: 'சாயம் போகும், கியாரண்டி!' ஒவ்வொரு சலவைக்கும் ஒரு புதுக் கலர் என்று சொன்னதும் துணி பிய்த்துக்கொண்டு போனதாம்.

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தறி எங்கே தாத்தா?" பெண் விடவில்லை.

கூடத்து மூலையைக் காட்டினார். தரையில் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு மட்டும் சிமென்ட் வேறு நிறமாக இருந்தது. அதன் மேல் வாஷிங் மெஷின்.

"அதுக்குக் கீழதான் கண்ணு குழி. மூடி நாலு வருஷம் ஆச்சு. தறி வெச்சிருக்கற வூடு அடுத்த தெருவுல ஒண்ணு இருக்கு. வா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று செருப்பைத் தேடினார்.