திறமை விளையாட்டு என்றால் ட்ராஃப்ட்டுக்கு வாங்க தம்பிமாரே



முந்தாநாள் இஷா தொழுதுவிட்டு வந்து போனைப் பார்த்தால், யாரோ என்னை ஒரு வட்ஸ்அப் குறூப்பில் சேர்த்திருந்தார்கள். பென்டசி பிரீமியர் லீக். ஆளுக்கு 2000 ரூபா, 20 பேர், மொத்தம் 40,000. முதலாவது ஆளுக்கு 25,000, இரண்டாவது ஆளுக்கு 10,000, மூன்றாவது ஆளுக்கு 5000. மற்ற 17 பேருக்கும் ஒன்றுமில்லை. குறூப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகள். மூன்று பேர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வார்த்தையும் எழுதாமல் வெளியேறினேன். பத்து நிமிசத்துக்குள் இன்பொக்ஸில் வந்துவிட்டார்கள். "சேர், நீங்க நினைக்கிற மாதிரி இது சூது இல்ல. இது திறமை. மூளைக்கு வேல."

அந்த ஒரு வசனத்துக்குத்தான் இந்தப் பதிவு. நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் மௌலவி இல்லை. எல்லோரும் காசு போட்டு, சிலர் மட்டும் அள்ளிக்கொண்டு போவதற்கு என்ன பெயர் என்று உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேளுங்கள். சூரா மாயிதாவின் 90ஆவது வசனத்தை எடுத்துக் காட்டுவார். நான் கணக்கு வாத்தியார், எனக்குத் தெரிந்த கணக்கோடு நிற்கிறேன். நீங்கள் திறமை என்கிறீர்களே, அந்தத் திறமை உங்கள் லீக்கில் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

விளையாட்டுத் தெரியாத வாப்பாமாருக்காக இரண்டு வரி. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் உள்ள நிஜ வீரர்களில் 15 பேரை நீங்கள் தெரிய வேண்டும். 2 கோல்காப்பாளர், 5 பின்களம், 5 நடுக்களம், 3 முன்களம். கையில் 100 மில்லியன் கற்பனைக் காசு, ஒவ்வொருவருக்கும் ஒரு விலை. ஒரு கழகத்தில் 3 பேருக்கு மேல் எடுக்க முடியாது. நிஜ மெட்ச்சில் அவர்கள் கோல் அடித்தால், கோல் விடாமல் காத்தால் உங்களுக்குப் புள்ளி. கப்டனாக ஒருவரை வைத்தால் அவருடைய புள்ளி இரட்டிப்பு. விளையாட இலவசம். 2000 ரூபா என்பது இங்கிலாந்துக்காரன் கேட்டதில்லை, நாமாகக் கண்டுபிடித்தது.

நல்ல விளையாட்டு. அதில் கணக்கு இருக்கிறது. 2024/25 சீசனை எடுங்கள். ஹாலண்டின் விலை 15.0. அதே வருடம் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்டின் கிறிஸ் வுட் 6.0, பிரென்ட்ஃபோர்டில் இருந்த எம்பியூமோ 7.0. இருவரையும் சேர்த்தால் 13.0. ஹாலண்ட் அடித்தது 22 கோல். இவர்கள் இருவரும் ஆளுக்கு 20, மொத்தம் 40. இரண்டு இடங்களை நிரப்பி, 2 மில்லியனும் மிச்சம். விலை கூடியவன் எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. அதே வருடம் 12.5க்கு நின்ற சலாஹ் 29 கோல் அடித்து, 18 கோலுக்கு வழி செய்து, 344 புள்ளி எடுத்தார். அவரை விட்டவன் மே மாதம் வரை அழுதான் (நான் விட்டேன்). விலையையும் விளைச்சலையும் சேர்த்துப் பார்க்கிற கண்தான் திறமை. வுட்டை ஓகஸ்ட்டிலேயே கண்டுபிடித்த பிள்ளைக்கு நான் எழுந்து நின்று சலாம் சொல்வேன்.

ஆனால் நம் லீக்கில் யாராவது கண்டுபிடித்தார்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

அந்தக் குறூப்பில் வந்த ஐந்து பேருடைய அணிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 15 பேரில் 11 பேர் ஐந்து அணியிலும் ஒரே ஆட்கள். ஏன்? ஐந்து பேரும் பார்ப்பது ஒரே யூடியூப் சேனல். மிச்சம் நான்கு பேரில் இரண்டு பேர் வாங்கில் உட்காரப் போகிறவர்கள். கப்டனும் எல்லோருக்கும் ஒருவர்தான். அவர் மூன்று கோல் அடித்தாலும் ஐந்து பேருக்கும் ஒரே அளவு ஏறும், வித்தியாசம் பூச்சியம். ஆக, 25,000 ரூபாவைத் தீர்மானிக்கப் போவது எது? மிஞ்சிய இரண்டு பேரும், கப்டனை மாற்றிப் போட்ட ஒன்றிரண்டு வாரமும். கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, 88ஆவது நிமிசத்தில் கிடைத்த ஒரு பெனல்டி. பரீட்சையில் பக்கத்து ஆளைப் பார்த்து எழுதிய 20 பேரில் முதலாவது ஆளை எப்படித் தெரிவீர்கள்? நாணயம் சுண்டித்தான்.

திறமை என்கிறீர்கள், திறமைப் பகுதியைக் கொப்பி அடித்துவிட்டீர்கள். மிஞ்சியது மற்றப் பகுதி. அதற்குத்தான் காசு கட்டியிருக்கிறீர்கள்.

காசு போட்டதால்தான் கொப்பியே வருகிறது என்பது என் அடுத்த குற்றச்சாட்டு. 2000 ரூபா போட்டவனுக்குத் தனியாக யோசிக்கப் பயம். எல்லோரும் வைத்திருக்கும் ஆளை நான் விட்டு, அவன் கோல் அடித்துவிட்டால்? இந்தப் பயத்தில்தான் வாரா வாரம் மாற்றம் செய்கிறான். வாரத்துக்கு ஒரு மாற்றம்தான் இலவசம், மேலதிகமான ஒவ்வொன்றுக்கும் 4 புள்ளி கழியும். போன வாரம் அடித்தவனை இந்த வாரம் வாங்க 8 புள்ளியை எறிந்துவிட்டு வருகிறவனை நான் பார்த்திருக்கிறேன். முன்களக்காரர் ஒரு கோல் அடித்தால் வருவதே 4 புள்ளி. வாங்கியவன் இரண்டு கோல் அடித்தால்தான் போட்ட முதல் திரும்பும். காசில்லாமல் விளையாடினால் எந்தப் பிள்ளையும் இதைச் செய்யாது, எட்டாம் வகுப்புக் கணக்கு இது. போன வருடம் ஒரு பிள்ளை டியூஷன் காசை இதில் கட்டிவிட்டு இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்காமல் திரிந்தான். நவம்பரில் 17ஆம் இடத்துக்கு இறங்கியதும் அணியைத் திறந்தே பார்க்கவில்லை. விளையாட்டும் போனது, காசும் போனது, டியூஷனும் போனது.

சரி, குறை சொல்லிவிட்டுப் போக வரவில்லை. திறமையைக் காட்ட ஆசையா? ட்ராஃப்ட்டுக்கு வாங்க.

அதே பிரீமியர் லீக் தளத்திலேயே ட்ராஃப்ட் என்று இன்னொரு விளையாட்டு இருக்கிறது. நம் ஆட்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. விலை இல்லை, 100 மில்லியன் இல்லை, கப்டன் இல்லை. 2 பேரிலிருந்து 16 பேர் வரை ஒரு லீக். முறை வைத்து ஒவ்வொருவராக வீரரைத் தெரிய வேண்டும். நான் எடுத்த ஆள் அந்த லீக்கில் வேறு யாருக்கும் இல்லை. யூடியூப்காரன் சொன்ன அணியை 8 பேர் எடுக்க வந்தால், ஒருவனுக்கு ஒரு துண்டுதான் கிடைக்கும். கொப்பி அடிக்கவே வழியில்லாத பரீட்சை.

தெரிவு பாம்பு போல வளைந்து வரும். 8 பேர் என்றால் முதல் சுற்றில் 1 முதல் 8, இரண்டாம் சுற்றில் 8ஆவது ஆளிலிருந்து திரும்பி வரும். முதலாவது ஆளுக்கு 1, 16, 17ஆவது தெரிவுகள். கடைசி ஆளுக்கு 8, 9, பிறகு 24, 25. கடைசி இடம் கிடைத்தால் முகத்தைத் தொங்கப் போடாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு நல்ல ஆட்களைத் தூக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு 14 பேர் போகும்வரை சும்மா இருக்க வேண்டும். அதனால் உங்கள் முறை வரும்போது யார் நல்லவன் என்று மட்டும் பார்த்தால் போதாது. அடுத்த முறை வருவதற்குள் எது முடிந்துபோகும் என்றும் பார்க்க வேண்டும். விடியற்காலையில் மீன் ஏலத்தில் நிற்கிற நம் வியாபாரிமாரைப் பாருங்கள். சூரை நிறையக் கிடக்கிறது என்றால் அதற்கு அவசரப்பட மாட்டார்கள். இரண்டே இரண்டு பாரை கிடந்தால் கை அங்கேதான் போகும்.

இதைக் கணக்காகப் போடுவோம். 8 பேர் லீக்கில் மொத்தம் 24 முன்களக்காரர் வேண்டும். பிரீமியர் லீக்கில் 20 கழகம், பெரும்பாலானவை ஒரே ஒரு முன்களக்காரரோடுதான் இறங்கும். நிச்சயமாக ஆடுகிறவர் ஏறத்தாழ 20 பேர். தேவை 24, சரக்கு 20. இங்கேதான் வறட்சி. ஆகவே முதல் ஐந்து தெரிவுக்குள் இரண்டு முன்களக்காரரைப் பிடித்துவிடுங்கள். மூன்றாவது ஆளுக்கு மட்டும் ஓடாதீர்கள். பதினொருவரில் ஒரு முன்களக்காரர் இருந்தாலே அணி செல்லும், மூன்றாவது ஆள் வாங்கில் இருக்கட்டும்.

கோல்காப்பாளர்? தேவை 16, ஆடுகிறவர் 20. ஒரு வாரத்தில் உங்களுக்கு வேண்டியது ஒருவர். நல்ல காப்பாளருக்கும் சுமாரான காப்பாளருக்கும் வருட முடிவில் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான். 2024/25இல் தங்கக் கையுறையைப் பகிர்ந்துகொண்ட ஃபொரெஸ்டின் செல்ஸ், மற்ற விளையாட்டில் வெறும் 4.5க்கு நின்றவர். நான்காவது சுற்றில் கோல்காப்பாளரை எடுக்கிறவன் கணக்கில் பாஸ் இல்லை. (போன வருடம் நாங்கள் 8 ஆசிரியர்மார் சேர்ந்து ஆடினோம். நான்காவது சுற்றில் கோல்காப்பாளரை எடுத்தது யார் என்று கேட்காதீர்கள். வுட்டைப் பதினோராவது சுற்றில் எடுத்தது தமிழ்ப்பாட ஆசிரியர். இன்றைக்கும் ஸ்டாஃப் ரூமில் சொல்லிக் காட்டுகிறார்.)

பின்களத்தில் 80 பேர் ஆடுகிறார்கள், உங்கள் எட்டுப் பேருக்கும் சேர்த்துத் தேவை 40. அவசரமில்லை. 2025/26 சீசனில் புதிதாக ஒரு விதி வந்தது. பின்களக்காரர் ஒரு மெட்ச்சில் பந்தை வெளியே அடித்தல், தடுத்தல், இடைமறித்தல், பறித்தல் என்று மொத்தம் 10 தொட்டால் 2 புள்ளி. ஆகவே கோல் அடிக்கப் போகாமல் நடுவில் நின்று தலையால் முட்டிக்கொண்டிருக்கும் ஆளுக்கும் இப்போது மதிப்பு உண்டு. அந்த மாதிரி ஆட்கள் பத்தாவது சுற்றிலும் கிடைப்பார்கள்.

நடுக்களம்தான் கண் வேண்டிய இடம். பெயர் நடுக்களமாக இருக்கும், ஆடுவது முன்களத்தில். 2025/26இல் சலாஹ், எம்பியூமோ எல்லாம் அப்படித்தான் இருந்தார்கள். முன்களக்காரர் கோல் அடித்தால் 4, நடுக்களக்காரர் அடித்தால் 5. யார் பெனல்டி அடிக்கிறார், யார் கோர்னர் எடுக்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருங்கள்.

இன்னொன்று, இதை யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். 2025/26 சீசனின் நடுவில், டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை மொரோக்கோவில் ஆபிரிக்கக் கிண்ணம் நடந்தது. சலாஹ் எகிப்துக்குப் போனார், எம்பியூமோ கமரூனுக்குப் போனார். நம் ஆட்களுக்கு சலாஹ் மேல் உள்ள பாசம் எனக்குத் தெரியும், எனக்கும் உண்டு. எடுங்கள். ஆனால் அந்த சீசனில் அவரையும் எடுத்து, எம்பியூமோவையும் எடுத்து, மூன்றாவதாக இன்னொரு ஆபிரிக்க வீரரையும் எடுத்திருந்தால் வருடப் பிறப்பில் உங்கள் அணியில் வாங்குதான் மிஞ்சியிருக்கும். லீட்ஸ், பேர்ன்லி, சண்டர்லண்ட் மூன்றும் 2025/26 சீசனுக்கு ஏறி வந்தவை. அதற்கு முந்திய இரண்டு சீசனிலும் ஏறிய மூன்று கழகமும் அப்படியே இறங்கிப் போயின. புதிதாக ஏறி வந்த கழகங்களின் பின்களத்தைக் கடைசி வரைக்கும் தொடாதீர்கள்.

"காசு இல்லாட்டி யாரு சேர் வாற?" என்று ஒருவன் கேட்டான். மகரிபுக்கு முன் கடற்கரையில் பந்து அடிக்கிறீர்களே, அதற்கு யார் காசு கட்டினார்? பக்கத்து ஊரோடு மெட்ச் என்றால் செருப்பில்லாமல் ஓடுகிறீர்களே? உங்கள் கூட்டாளி எடுக்க நினைத்திருந்த ஆளை அவன் முறைக்கு ஒரு தெரிவு முன்னால் நீங்கள் எடுக்கும்போது அவன் போடுகிற சத்தம் 25,000 ரூபாவுக்கு மேல். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இதெல்லாம் வெட்டி வேல, போனப் பறிங்க" என்று பின்னூட்டம் வரும், தெரியும். நான் உடன்படவில்லை. வகுப்பில் சராசரி என்றால் ஜன்னலைப் பார்க்கிற பிள்ளை, 15 பேருக்கு 100 மில்லியன் என்றால் ஆளுக்கு 6.67 என்று வாயால் சொல்கிறான். 2025/26 ஆரம்ப விலைப்படி 14.5க்கு சலாஹையும் 14.0க்கு ஹாலண்டையும் எடுத்தால் மிச்சம் 13 பேருக்கு ஆளுக்கு 5.5 என்று தாளில்லாமல் சொல்கிறான். அந்தப் பிள்ளையிடமிருந்து போனைப் பறித்தால், கூட ஒளிந்துகொண்டு காசு லீக்குக்குத்தான் போவான். காசைப் பறியுங்கள், விளையாட்டை விடுங்கள்.

சீசனின் முதல் மெட்ச்சுக்கு ஒரு கெடு உண்டு. அதற்கு முன் ட்ராஃப்ட் முடிய வேண்டும். 8 பேர் வீதம் இரண்டு லீக் போடலாம் என்று நினைக்கிறேன். 12ஆம் திகதி செவ்வாய், இஷாவுக்குப் பிறகு. எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தெரிவோம், என் வீட்டு விறாந்தை போதும். பிளேன்ரீ என் செலவு. தெரிவுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, பிந்தி வந்தால் தளமே உங்களுக்கு ஆளைத் தெரிந்துவிடும், பிறகு என்னிடம் முறைப்பாடு வைக்கக் கூடாது. துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் உள்ள தம்பிமார் முன்கூட்டியே சொன்னால் நாளை மாற்றலாம். பரிசுக்கு வெளியிலிருந்து யாராவது ஒரு நல்ல பந்து தர விரும்பினால் தரட்டும், அதையும் ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டே வாங்குவோம்.

2000 ரூபா கட்டிவிட்ட பிள்ளைகள் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் எனக்குச் சொல்லுங்கள், நான் பேசுகிறேன்.

வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். என் முதல் தெரிவு யார் என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன்.