அது குறட்டை அல்ல

என் சித்தி மகன் இறந்த இரவில் அவனோடு ஐந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் எங்கள் காலனிப் பையன்கள். "ஒறங்குகான்னுதான்க்கா நெனச்சோம். நல்லா கொறட்டை விட்டான்" என்று அவர்களில் ஒருவன் என்னிடம் சொன்னபோது, பத்து நாள் கழிந்திருந்தது. அதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அது குறட்டை அல்ல. அபின் வகை மருந்து அளவு மீறினால், மூச்சு விடும்படி உடம்பைத் தூண்டுகிற மூளைப் பகுதி மந்தமாகிறது. மூச்சு மெல்ல மெல்லக் குறைகிறது. தளர்ந்த நாக்கும் தொண்டையும் காற்றை மறிக்க, அந்தக் கரகரப்பு எழுகிறது. கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும்; நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். தட்டினாலும், நெஞ்செலும்பில் விரல்முட்டியால் அழுத்தித் தேய்த்தாலும் எழ மாட்டார்கள். உயிர் பல நேரம் சட்டெனப் போய்விடுவதில்லை, காப்பாற்றக் கொஞ்சம் நேரம் தருகிறது. என் தம்பிக்கும் அந்த நேரம் இருந்தது. ஐந்து பேரில் ஒருவரும் 108-ஐ அழைக்கவில்லை.

அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அவர்களில் ஒருவனை ஆறு மாதம் முன்பு, சட்டைப்பையில் காலி சிரிஞ்சு இருந்ததற்காக, ஒரு காவல் நிலையத்துக்குத் தூக்கிப்போனார்கள். முதல் கேள்வி ஊர்ப்பெயர். காலனியின் பெயரைச் சொன்னதும் மற்ற கேள்விகள் தேவைப்படவில்லை. "ஆம்புலன்ஸ் வந்தா பொறத்தாலயே போலீசும் வரும்க்கா" என்றான். அவன் கணக்கில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தம்பி பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடி. டாக்டர் எழுதிக்கொடுத்தது டபென்டடால். தேவையானவருக்குத் தேவையான அளவில் அது நல்ல மருந்துதான். அதைப் பேயாக்க நான் வரவில்லை. ஆனால் நாள்கூலிக்காரனுக்கு டாக்டர் மாத்திரையை எழுதலாம், ஓய்வை எழுத முடியாது. சாக்கடை அள்ளுகிறவர், சுமை தூக்குகிறவர், விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவர், கரைமடி இழுக்கிறவர் என்று நம் மாவட்டத்தில் உடம்பு வலியைச் சுமப்பவர்கள் யார் என்று ஒரு பட்டியல் போட்டால், அது கிட்டத்தட்ட சாதிப் பட்டியலாகவே இருக்கும். வேலைக்குப் போவதற்காகவே மாத்திரை போட்டவன், பிறகு மாத்திரை இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவனானான். சீட்டு தேதி தாண்டியும் கடையில் கிடைத்தது. பிறகு பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றினான். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் இருக்கும் மாவும் பசையும் ரத்தத்தில் கரையாது. அவை நரம்பையும் நுரையீரலையும் அடைக்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே வரும்.

டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. தெரு அடுத்த மாத்திரைக்கு நகர்ந்தது. டபென்டடாலையும் கேரிசோப்ரோடாலையும் கலந்த இந்திய மாத்திரைகள் மேற்கு ஆப்பிரிக்க இளைஞர்களைச் சீரழிப்பதை 2025 பிப்ரவரியில் பிபிசி வெளிக்கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. தயாரிப்பவருக்கு ஆய்வும் அறிக்கையும். சட்டைப்பையில் சிரிஞ்சு வைத்திருந்தவனுக்கு லாக்கப்.

சித்தி குழுக்கடன் வாங்கி அவனை ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்தார். மூன்று மாதம். ஜெபம், யோகா, அறிவுரை. மருந்து கிடையாது. முதுகில் இருந்த தழும்பைப் பற்றி அவன் பேசவே இல்லை. வீடு திரும்பிய இரண்டாம் இரவு, பழைய அளவையே ஏற்றிக்கொண்டான், கூடவே கொஞ்சம் மதுவும். மூன்று மாதத்தில் உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிட்டிருந்தது. மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவரும் முதல் சில வாரங்களே மிக ஆபத்தானவை என்பது உலகம் முழுக்கத் தெரிந்த மருத்துவ உண்மை. பணம் வாங்கியவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சித்தியிடம் சொல்லவில்லை. 'பையன் சுத்தமாயிட்டான்' என்று சொல்லி அனுப்பினார்கள். சுத்தம் என்ற சொல்லை நம்மிடம் யார் சொன்னாலும் எனக்கு எரிகிறது.

சிகிச்சை இல்லாமல் இல்லை. பியூப்ரிநார்பின், மெத்தடோன் ஆகிய மருந்துகளை மருத்துவர் கண்காணிப்பில் தொடர்ந்து எடுப்பவர்களிடையே மரணங்கள் பாதியளவுக்குக் குறைகின்றன. இந்தியாவில் இது எச்.ஐ.வி. தடுப்பின் பகுதியாக, ஊசி போடுவோருக்கென அரசுத் திட்டமாக ஏற்கெனவே இருக்கிறது. பஞ்சாப் இதைப் புறநோயாளி மையங்களில் பரவலாகத் தருகிறது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, அபின் வகைப் பொருட்களால் சிகிச்சை அளவுக்குப் பாதிக்கப்பட்டவர்கள் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர் என்றது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று கேட்பவர்கள், சர்க்கரை நோயாளியிடம் 'தினமும் ஊசியா?' என்று கேட்பதில்லை.

இப்படிக் கேட்பவர்களில் நம் தோழர்களும் உண்டு. காலனிக் கூட்டங்களில் நாம் என்ன பேசுகிறோம்? 'குடிக்காதே, கெட்டுப்போகாதே, படி.' நானும் பேசியிருக்கிறேன். தம்பி கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அவன் ஊசியை மறைத்தது போலீசிடம் மட்டுமில்லை, என்னிடமும்தான்.

சட்டத்தைப் பாருங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, பயன்படுத்துவதையே குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, தானே முன்வந்து சிகிச்சைக்குச் செல்பவரை வழக்கிலிருந்து விடுவிக்கிறது. முதல் பிரிவு எங்கள் காலனியில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது ஒருவருக்கும் தெரியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. நண்பனின் மூச்சு நின்றுகொண்டிருக்கும்போது 108-ஐ அழைக்கும் பையனுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அப்படிச் சட்டம் உண்டு. அங்கும் அது எளிதில் வரவில்லை. கறுப்பர் குடியிருப்புகளில் கிராக் பரவியபோது, 1986-இல், தூள் கொக்கைனைவிட நூறில் ஒரு பங்கு கிராக்குக்கே அதே சிறைத்தண்டனை என்று சட்டம் போட்டார்கள். வெள்ளையர் வீடுகளில் வலி மாத்திரை சாவுகள் விழத் தொடங்கியதும் அடிமைத்தனம் 'நோய்' ஆயிற்று. நிறத்தின் இடத்தில் சாதியை வைத்துப் படித்தால் நமக்கு விளக்கம் தேவைப்படாது.

போன ஞாயிறு அந்த ஐந்து பேரையும் கூட்டி உட்காரவைத்தேன். எழுப்பிப் பார், எழாவிட்டால் 108, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து நொடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊது, மூச்சு திரும்பினால் பக்கவாட்டில் படுக்கவை, மோரோ எலுமிச்சைச் சாறோ வாயில் ஊற்றாதே, தனியே விட்டுப் போகாதே. பிறகு நாலாக்சோன் பற்றிச் சொன்னேன். சில நிமிடங்களில் மூச்சைத் திருப்பித் தரும் மருந்து. அதன் வேலை ஒரு மணி நேரம் போலத்தான் நிற்கும், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். அருகில் இருக்கும் சாதாரண மனிதர் கையில் இதைக் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-லேயே சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 2023 முதல், மூக்கில் அடிக்கும் வடிவத்தில், சீட்டில்லாமல் வாங்கலாம்.

"பேரை எழுதித் தாங்கக்கா" என்றான் குறட்டையைப் பற்றிச் சொன்னவன். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் போன் செய்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த ஊசியைத் தர முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். தம்பிக்குச் சீட்டில்லாமல் மாத்திரை கொடுத்த அதே கடைதான்.