நொச்சியும் நமது முழக்கமும்

ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை சளிக்கு நொச்சியிலை அவித்து ஆவி பிடிப்பது நம்மவர் வழக்கம். “கிருமிகளை எம் முன்னோர் அன்றே வென்றனர்” என மேடைதோறும் முழங்குகின்றோம். முழக்கம் ஆய்வாகாது. துளசி எண்ணெயின் இயூசினோலும் ஓம எண்ணெயின் தைமோலும் பற்றீரியாவின் கலமென்சவ்வைச் சிதைப்பன, ஒட்சியேற்றத்தைத் தடுப்பன. ஆயின் இவை பெரிதும் ஆய்வுகூடத் தட்டிற் கண்ட உண்மைகள். தட்டு நோயாளியின் உடலன்று. மேலும், மண்ணும் பருவமும் மாற எண்ணெயின் சேர்க்கையும் மாறும். எனவே, உவர்க்காற்றில் வளரும் தீவக நொச்சியைப் பிறநாட்டு அறிக்கை கொண்டு அளத்தல் தகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவக் கற்கை தோன்றியது 1984இல். சித்த மருத்துவரும் இரசாயனவியலாளரும் கூடி உழைத்தாலன்றி, யாழ்ப்பாண மன்னர்காலச் ‘செகராசசேகர’மும் வெறும் பெருமைப் பொருளாகவே எஞ்சும். பழமையை ஆராயாது வணங்குவதும் ஆராயாது இகழ்வதும் ஒரே சோம்பலே. சோதித்தறிவதே முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை.