மழைக்குப் பயந்த கமராக்கள்

எங்கட பக்கத்தில ஒரு கழகத்துக்கோ மாணவர் மன்றத்துக்கோ கமரா ஒன்று கிடைத்தால் அதன் கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதல் வருடம் எல்லா இடமும் போகும். இரண்டாம் வருடம் விழாக்களுக்கு மட்டும் போகும். மூன்றாம் வருடம் அலுமாரிக்குள் இருக்கும். யாராவது கேட்டால், "புழுதி படும், மழையும் வரும் போல கிடக்கு, பிறகு பார்ப்பம்" என்று பதில் வரும். அலுமாரித் திறப்பு ஒருவரிடம்தான் இருக்கும்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. 2022 இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 350 ரூபாயையும் தாண்டியது. இறக்குமதியாகிற மற்றப் பொருட்களைப் போல கமராவின் விலையும் எங்கேயோ போய்விட்டது. உள்ள ஒன்றும் பழுதானால் இன்னொன்று வாங்குவது லேசில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்து பிழையானது. பூட்டி வைப்பது கமராவுக்குப் பாதுகாப்பே இல்லை.

முதலில் அலுமாரியையே பார்ப்போம். லென்ஸுக்குள் பூஞ்சணம் வளர இருட்டும் ஈரப்பதனும் அசையாத காற்றும் இருந்தால் போதும். இந்த மூன்றும் அலுமாரிக்குள் தாராளமாக இருக்கின்றன. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினாலே பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். எங்கட ஊர்களில் வருடத்தின் பெரும்பகுதி அதைவிடக் கூடத்தான். சிலந்தி வலை மாதிரிப் படரும் அந்தப் பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால் பிறகு துடைத்தாலும் போகாது. தோல் உறைக்குள் போட்டு வைத்தால் இன்னும் மோசம், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளியில் கொண்டுபோய் வெளிச்சமும் காற்றும் படப் பாவிக்கிற கமராவில் பூஞ்சணம் பிடிக்கிறது குறைவு.

அலுமாரிக்குப் பதிலாக, காற்றுப் புகாத மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் கொஞ்சம் சிலிக்கா ஜெல்லும் போதும். சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்த பைக்கற்றுகள் உதவாது, அவை ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறுகிற வகையை வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்பது கண்ணுக்கே தெரியும். சூடாக்கிக் காய வைத்துத் திரும்பப் பாவிக்கலாம், ஆனால் சமைக்கிற சட்டியில் வேண்டாம். அரிசிக்குள் கமராவைப் புதைக்கிற வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். அரிசித் தூளும் ஒரு தூசுதான்.

சரி, வெளியில் என்ன செய்வது? இணையத்தில் கிடைக்கிற ஆலோசனைகளில் கனக்க, பனிக்கும் பாலைவனத்துக்கும் எழுதப்பட்டவை. எங்கட எதிரிகள் வேறு.

சோளகம் வீசுகிற மாதங்களில் மணற்காட்டு மணல்மேட்டில் நின்றாலும் சரி, நல்லூர்த் தேரன்று வீதியில் நின்றாலும் சரி, மணல் எல்லா இடுக்கிலும் போகும். அந்த இடங்களில் லென்ஸ் மாற்றாமல் இருப்பதுதான் முதல் விதி. எந்த லென்ஸ் வேண்டும் என்று வீட்டிலேயே முடிவெடுத்து மாட்டிக்கொண்டு போங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் கமராவை நிறுத்தி, காற்றுக்கு முதுகைக் காட்டி, கமராவின் வாயைக் கீழே பிடித்துக்கொண்டு கெதியாக மாற்றுங்கள். லென்ஸில் மணல் பட்டால் உடனே பெனியனால் துடைக்கிற பழக்கம் எங்களில் பலருக்கு இருக்கிறது. கீறல் விழுவது புழுதியால் இல்லை, அந்தத் துடைப்பால்தான். முதலில் றப்பர்ப் பந்துபோல இருக்கிற ஊதியால் ஊத வேண்டும், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் படும். சைக்கிள் கடைக் காற்றில் எண்ணெயும் தண்ணியும் கலந்து வரலாம்.

கடல் அடுத்தது. குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்குப் படகில் போகும்போது தெறிக்கிற துளி காய்ந்தாலும் உப்பு காயாது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே தண்ணி போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் "வேலை செய்யுதோ" என்று போட்டுப் பார்க்காமல் உடனே பற்றரியைக் கழற்ற வேண்டும்.

மழைக்கு ஒரு சொப்பிங் பை போதும். அடியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, லென்ஸ் ஹூட்டில் றப்பர் பாண்டால் இறுக்கி, பையின் வாய் கீழே தொங்க விட்டு அதற்குள்ளால் கையை விட்டால் சாதாரண மழைக்குத் தாங்கும். தோளில் ஒரு துவாய். இரவு ஏசி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் கமராவை உடனே வெளியில் எடுக்கக் கூடாது. குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். பையை மூடியபடியே அரை மணித்தியாலம் விட்டால் சூடு சமமாகிவிடும்.

இவ்வளவுதான். கமரா விலையோடு பார்த்தால் இதற்கெல்லாம் போகிற காசு ஒன்றுமே இல்லை. அப்படியிருந்தும் அலுமாரி ஏன் பூட்டியே கிடக்கிறது?

என்னைப் பொறுத்தவரை, "மழை வரும்" என்பது பல நேரங்களில் வானிலை அறிக்கை இல்லை. முதலாம் வருடப் பிள்ளைக்குக் குடுக்காமல் இருக்க, அதிலும் பெண் பிள்ளை கேட்டால் குடுக்காமல் இருக்க, ஆருக்கும் கோபம் வராத ஒரு காரணம் அது. பராமரிப்பு தெரிந்த ஓரிருவர் அதைச் சொல்லிக் குடுக்காமல் வைத்திருந்தால் கமரா எல்லாருடையதும் இல்லை, அவர்களுடையதுதான். பிறகு, "படம் எடுக்க ஆக்கள் இல்லை" என்று கவலைப்படுவதும் அவர்களேதான்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. வெயில் நாளில் மட்டும் வெளியே வருகிற கமரா கலியாணத்தையும் விழாவையும் மட்டும்தான் பார்க்கும். கார்த்திகை, மார்கழியில் வயலுக்குள் வெள்ளம் நிற்பது, வாடைக் காற்றில் வள்ளம் கரைக்கு இழுபடுவது, சூடடிக்கிற களத்தில் தூசுக்குள் ஆக்கள் நிற்பது, இவை எல்லாம் கமரா போகப் பயப்படுகிற இடங்களில்தான் நடக்கின்றன. நாளைக்கு எங்கட படங்களைப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் மழையே பெய்வதில்லை என்று நினைக்கக் கூடும்.

"அதுக்குத்தானே போன் இருக்கு" என்பீர்கள். உண்மைதான், தண்ணி புகாத போன் வைத்திருக்கிறவர் அடைமழைக்குள் அதைப் பாவிப்பதே புத்தி. ஆனால் அப்படியான போன் எத்தனை பேரிடம் இருக்கிறது? இருளுகிற நேரத்தில் தூரத்து வள்ளத்தை எடுக்க, பெரிய அளவில் அச்சடித்துக் கண்காட்சி வைக்க, இன்னும் கமராதான் வேண்டும். "பெடியள் பழுதாக்கிப் போடுவினம்" என்பதற்கும் பதில் இருக்கிறது: பழக்காமல் குடுத்தால் பழுதாகத்தான் செய்யும்.

ஆகவே கமரா வைத்திருக்கிற ஒவ்வொரு மன்றத்திடமும் நான் கேட்பது மூன்று விடயம். வருடத் தொடக்கத்தில் புதியவர்களுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கி இவற்றைக் கையில் குடுத்துப் பழக்குங்கள். ஊதி, துணி, சொப்பிங் பை, றப்பர் பாண்ட் எல்லாவற்றையும் கமராப் பையிலேயே போட்டு வையுங்கள். ஒரு கொப்பியில் எடுத்த திகதி, திருப்பித் தந்த திகதி, துடைத்தவர் பெயர் மூன்றையும் எழுதுங்கள். அந்தக் கொப்பியில் மாரி மாதங்களில் ஒரு பெயரும் இல்லாவிட்டால், அதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் கதைக்க வேண்டும்.