வெள்ளை பட்டனை அமுக்கினால் வருவது வெள்ளைதானா?

ராசிபுரத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவர். மருமகன் பிறந்த சந்தோஷத்தில் அவருடைய தம்பி, ரிமோட் வைத்த கலர் பல்பு ஒன்றை வாங்கி வந்து குழந்தை ரூமில் மாட்டிவிட்டானாம். சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று வரிசையாகப் பட்டன்கள். "வெள்ளையை அமுக்கினால் சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருக்குதுங்க அக்கா. ஆனால் குழந்தை முகம் மட்டும் ஒரு மாதிரி ரோஸாகத் தெரியுது. டியூப் லைட்டில் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறம். எதை நம்பறதுங்க?" என்று கேட்கிறார்.

பிறந்து பத்து நாள்கூட ஆகாத குழந்தை இருக்கும் வீட்டில் இது சின்னக் கேள்வி அல்ல. அதனால் இந்த முறை மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

நமக்குப் பழக்கமான கலவை கோலப்பொடிக் கலவை. மார்கழி முடிந்ததும் மிச்சமிருக்கும் கலர்ப் பொடிகளையெல்லாம் ஒரே டப்பாவில் கொட்டினால் என்ன கிடைக்கும்? சேறு மாதிரி ஒரு நிறம். ஒவ்வொரு பொடியும் வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சம் விழுங்கிக்கொள்கிறது; நாலு பொடி சேர்ந்தால் நாலு பேரும் விழுங்குகிறார்கள், மிச்சம் இருட்டுதான். விளக்குக் கலவை இதற்கு நேர் எதிர். ஒரு விளக்கோடு இன்னொரு விளக்கு சேர்ந்தால் வெளிச்சம் கூடத்தானே செய்யும்? சிவப்பு வெளிச்சத்தோடு பச்சை வெளிச்சம் சேர்ந்தால் மஞ்சள். அதோடு நீலமும் சேர்ந்தால் வெள்ளை. தம்பி வாங்கி வந்த பல்புக்குள்ளே இருப்பது இந்த மூன்று நிற எல்.ஈ.டி. பொட்டுகள்தான்.

நம்பிக்கை வரவில்லை என்றால் கையில் இருக்கும் செல்போனிலேயே பார்க்கலாம். திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு, விரல் நுனியால் கடுகளவு தண்ணீர்த் துளி ஒன்றை அதன்மேல் வையுங்கள். துளி பூதக்கண்ணாடி போல வேலை செய்யும். உற்றுப் பார்த்தால் வெள்ளை என்று நினைத்த இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் மினுக்கும். பெரிய குழந்தைகள் வீட்டில் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள், சாயங்காலம் ஒரு மணி நேரம் தொந்தரவு இருக்காது.

மூன்றே நிறம் எப்படி வெள்ளையாகிறது என்றால், நம் கண்ணுக்குள் நிறம் பார்க்கும் கூம்பு அணுக்கள் மூன்றே வகை. மூன்றையும் சரியான அளவில் தூண்டிவிட்டால் போதும், மூளை 'வெள்ளை' என்று எழுதிக்கொள்ளும். அளவு முக்கியம். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பெரும்பங்கு பச்சை கொடுக்கிறது, அடுத்தது சிவப்பு, நீலம் சாம்பாரில் பெருங்காயம் மாதிரி. அந்தப் பெருங்காயம் கொஞ்சம் கூடினாலும் ரூம் முழுக்க நீலம் அடிக்கும். இன்னொன்று: சூடு ஏற ஏற சிவப்பு எல்.ஈ.டி. மற்ற இரண்டையும்விட அதிகமாக மங்கும். அதனால் மலிவான கலர் பல்பில் போட்டவுடன் இருந்த வெள்ளை, அரை மணி கழித்து அதே வெள்ளையாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

நம் நாமக்கல் பக்கத்துக் கோழிகளைக் கேட்டால் இந்த வெள்ளையை வெள்ளை என்றே ஒப்புக்கொள்ளாதுகள். கோழிக்கு நிறம் பார்க்கும் கூம்புகள் நாலு வகை. நமக்குத் தெரியாத ஊதாவுக்கு அப்பாலும் அதற்குக் கொஞ்சம் தெரியும். முட்டைக் கோழிப் பண்ணைகளில் பகல் வெளிச்சத்தோடு சேர்த்து ஒரு நாளுக்கு ஏறக்குறைய 16 மணி நேர வெளிச்சம் கிடைக்கிற மாதிரி பல்பு போட்டு வைக்கிறார்கள். அந்த வெளிச்சம் மனுஷக் கண்ணுக்கு என்ன நிறம், கோழிக்கு என்ன நிறம் என்பது இரண்டு வேறு கணக்கு.

சரி, சுவர் வெள்ளையாக இருக்கும்போது முகம் மட்டும் ஏன் மாறுகிறது? சூரிய வெளிச்சம் என்பது அத்தனை படியும் இருக்கிற ஏணி. மூன்று எல்.ஈ.டி. சேர்ந்த வெள்ளை, மூன்றே படி உள்ள ஏணி. நடுவில் சுத்த மஞ்சள் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் காலி. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே இன்னொரு பள்ளம். சுண்ணாம்புச் சுவருக்கு இதைப் பற்றிக் கவலையில்லை, எது வந்தாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் சேலைச் சாயமும் மனிதத் தோலும் அப்படியல்ல. சிலதை விழுங்கி, சிலதைத் திருப்பி அனுப்பித்தான் அவற்றுக்கு நிறமே. விழுங்க வேண்டியதும் அனுப்ப வேண்டியதும் வெளிச்சத்திலேயே இல்லாவிட்டால் நிறம் பிசகிவிடும். கலர் பல்பின் வெள்ளையில் சிவப்பு தூக்கலாகவும், தோல் ரோஸாகவும், கடுகு மஞ்சள், பழுப்பு எல்லாம் என்னவோ போலவும் தெரிவது இதனால்தான்.

இளம்பிள்ளைச் சேலை எடுக்கப் போகும் நம் பெரியம்மாக்கள், "ஏனுங்க, வெளிச்சத்துக்குக் கொண்டாங்க பார்க்கலாம்" என்று சேலையைக் கடை வாசலுக்கே எடுத்து வந்து விரித்துப் பார்ப்பார்கள். கூட வந்த சின்னப் பெண்களுக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கு அந்தப் பெரியம்மாக்கள் கட்சிதான்.

வீட்டில் நாம் போடும் சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. பல்பு வேறு விதம். அதற்குள் இருப்பது நீல விளக்கு மட்டும்தான். அதன்மேல் மஞ்சளாக ஒரு பூச்சு இருக்கும். நீலத்தில் ஒரு பகுதியை அந்தப் பூச்சு வாங்கிக்கொண்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பரவலாகத் திருப்பிக் கொடுக்கும். மிச்ச நீலத்தோடு அது சேர்ந்து வெள்ளையாகிறது. சிவப்பு எல்.ஈ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பச்சையும் பின்னாலேயே வந்தது. பிரகாசமான நீலத்துக்கு மட்டும் 1990-கள் வரை உலகம் காத்திருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அடுத்த வருஷம், 2015 ஜனவரியில், மத்திய அரசு எல்.ஈ.டி. பல்புகளை மலிவாகக் கொடுக்க ஒரு திட்டம் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் உஜாலா. நமக்கு உஜாலா என்றால் முதலில் நினைவுக்கு வருவது வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம். இரண்டிலும் வெள்ளைக்கு நீலம்தான் காரணம் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

வேட்டி விஷயத்தில் நீலம் செய்வது என்ன? பழசான வெள்ளைத் துணி, வெளிச்சத்தில் நீலத்தை விழுங்க ஆரம்பித்துவிடுகிறது. நீலம் குறைந்தால் மீதி மஞ்சள். இதைத்தான் 'பழுப்பேறிவிட்டது' என்கிறோம். சொட்டு நீலம் மஞ்சள் பக்கத்தில் கொஞ்சம் விழுங்கி, தராசைச் சமன் செய்கிறது. சேலத்து வெண்பட்டு வேட்டியைப் பெட்டியில் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது புரியும். 'மஞ்சள் என்பது நீலம் குறைவது' என்ற இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை விஷயத்துக்கு இது வேண்டும்.

பிறந்த குழந்தைகளில் நிறை மாதத்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறை மாதத்தவர்களில் 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தட்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெரிந்து, நாலு ஐந்து நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானே வடியும். சிக்கல் என்னவென்றால், சுகப் பிரசவம் என்றால் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உச்சத்துக்கு ஏறுவது வீட்டில், பாட்டி கண் முன்னால். அந்தப் பாட்டியோ காற்று படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, மங்கலாக ஒரு மஞ்சள் பல்பைப் போட்டு வைத்திருப்பார். மஞ்சள் பல்பில் நீலம் குறைவு. தோல் நீலத்தை விழுங்குகிறதா இல்லையா என்பது நீலமே இல்லாத வெளிச்சத்தில் எப்படித் தெரியும்? வெள்ளைக் காகிதத்தில் துளி மஞ்சள் தூளைத் தேய்த்து அந்த ரூமிலும் வாசலிலும் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கலர் பல்பின் வெள்ளையோ தோலுக்கு ரோஸ் பூசிக் காட்டும். இரண்டுமே நம்பக்கூடாதவை.

ராசிபுரத்துச் சகோதரி கேட்டதற்குப் பதில்: பகல் வெளிச்சத்தை நம்புங்கள். ஜன்னலைத் திறந்து, நேர் வெயில் படாத இடத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு, நெற்றியிலோ நெஞ்சிலோ விரலால் மெல்ல அழுத்தி எடுங்கள். ரத்தம் விலகின அந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறதா, மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள். மாநிறமோ கறுப்போ உள்ள குழந்தைக்குத் தோலில் கண்டுபிடிப்பது கஷ்டம். கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டும் வழக்கம் உள்ள வீடுகளில் இந்த இரண்டு வாரமாவது அதை நிறுத்தி வையுங்கள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கித் தூங்கி விழுந்தாலும், கீச்சென்று வேறு மாதிரி அழுதாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அம்மா ஓ குரூப்பாகவோ நெகட்டிவ் குரூப்பாகவோ இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அளவு மீறினால் காது, மூளை இரண்டையும் பாதித்துவிடும், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். கண்ணால் பார்ப்பது சந்தேகப்படுவதற்கு மட்டும்தான். அளவு எவ்வளவு என்பதை ரத்தப் பரிசோதனையோ தோலில் வைத்துப் பார்க்கும் கருவியோதான் சொல்லும்.

அங்கே கொடுக்கும் வைத்தியமும் நீல விளக்கேதான். தோலை மஞ்சளாக்கும் பிலிருபின் எந்த நீலத்தை விழுங்குகிறதோ அதே நீலத்தை வேண்டிய மட்டும் கொடுத்தால், அது உருமாறி, பித்தத்தோடும் சிறுநீரோடும் வெளியேறிவிடுகிறது. 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் சிஸ்டர் வார்டு என்ற நர்ஸ், குறை மாதக் குழந்தைகளை வெளியே முற்றத்துக்கு எடுத்துப் போவாராம். ஒரு நாள் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பு வெளுத்திருந்தது, துணி மூடியிருந்த முக்கோணம் மட்டும் நல்ல மஞ்சள். டாக்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து 1958-ல் எழுதினார்கள். இன்று அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் நீல எல்.ஈ.டி. வரிசை அதே வேலையைச் செய்கிறது. கண்ணைக் கட்டி, துணியில்லாமல் படுக்க வைத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் தோலைச் சுடும் புற ஊதா இல்லை. அந்த நீலத்தில் குழந்தை நிறமே தெரியாது என்பதால் நர்ஸ் அடிக்கடி விளக்கை அணைத்துப் பார்ப்பார்.

'அப்படியானால் காலை வெயிலில் காட்டினால் போதாதா?' என்று பாட்டிகள் கேட்பார்கள். போதாது. நம் சேலத்து வெயிலில் குழந்தை உடம்பு நீர் வற்றும், தோல் காந்தும், நாளும் வீணாகும். வீட்டுக் கலர் பல்பின் நீலப் பட்டனை அமுக்கி வைத்தியம் செய்கிறேன் என்று கிளம்புவதும் வேண்டாம், அதற்கு அந்த வலு கிடையாது.

தம்பியின் பல்பைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள், பொங்கலுக்கு அழகாக இருக்கும். குழந்தை ரூமுக்குச் சாதாரண வெள்ளை பல்பு வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. என்ற எண்ணைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் தெரிகிற நிறத்துக்கு எவ்வளவு பக்கம் என்று காட்டும் எண் அது. 80 என்பது சாதாரணம், 90 கிடைத்தால் நல்லது. ஒரு நோட்டில் பிறந்த நாள், நேரம், எடை, ஒரு நாளில் எத்தனை முறை பால் குடித்தது (8 முதல் 12 முறை இருக்க வேண்டும்), எத்தனை துணி நனைத்தது, மலம் என்ன நிறம் என்று குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழிந்தும் மஞ்சள் இருந்தாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்து, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.